வழியிலேயே குணமாகிவிடும் கணினி

தெமெனுகாவின் கடைக்குத் தொலைபேசியில் அழைத்து, மவுஸ் வேலை செய்யவில்லை, பிரிண்டரைக் கணினி கண்டுகொள்ளவில்லை என்று யாராவது சொன்னால், அவள் கேட்கும் முதல் கேள்வி, "கால்ல என்ன போட்டிருக்கீங்க?" என்பதுதான். புதிதாகக் கூப்பிடுகிறவர்கள் தவறான எண்ணுக்கு அடித்துவிட்டோமோ என்று திகைப்பார்கள். பழகியவர்கள் பதில் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அந்தக் கேள்வி அவளிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

அவள் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ரொடோப் மலையடிவாரத்து அந்தச் சின்ன ஊரில், சதுக்கத்துத் தபால் நிலையத்துக்குப் பக்கத்துக் கதவு என்றால் போதும். முன்பு அங்கே செருப்புத் தைக்கும் கூட்டுறவுச் சங்கம் இருந்ததால் தோல் வாசம் இன்னும் போகவில்லை. வழுவழுப்பான சிமென்ட் தரை. சுவரோரமாக ஒரு நீண்ட மேசை. மேசைமேல் எப்போதும் இரண்டு மூன்று கணினிகள் வயிறு திறந்து கிடக்கும்.

அவளுடைய அப்பா மரத்தடி ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். அம்மா ஜெர்மானியக் கடைகளுக்குப் போகும் சட்டைகளுக்குக் காலர் தைக்கிறவள். இரண்டு பக்கத்து உறவிலும் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் தெமெனுகாதான். ப்ளோவ்திவில் கணினிப் பொறியியல் முடித்ததும் கூடப் படித்தவர்கள் தலைநகர் சோபியாவின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் போனார்கள். இவள் பேருந்து ஏறி ஊருக்கு வந்தாள். ஏன் வந்தாய் என்று ஊர் கேட்டது. ஊருக்குச் சொல்ல அவளிடம் பதில்கள் இருந்தன. தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும்போது மட்டும் ஒருநாள் சொன்ன பதில் மறுநாள் நிற்கவில்லை. அதற்கா இத்தனை படிப்பு, பிரிண்டரில் மாட்டிய காகிதத்தை உருவத்தானா என்று சில மாலைகளில் மனம் குடையும்.

ஆனால் கெட்டுப்போன ஒரு கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டால் அந்தக் குடைச்சல் எல்லாம் அடங்கிவிடும். அங்கே அவளுக்குச் சந்தேகமே வராது. முதலில் கேபிள், பிறகு அது செருகும் துளை, பிறகு வேறொரு கணினியில் போட்டுப் பார்ப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும். இந்த ஒழுங்கை அவள் விட்டதே இல்லை. இது அவளைக் கைவிட்டதும் இல்லை, பில்யானாவின் கணினி வரும்வரை.

பில்யானா மேலே ப்ரெஸ்லாப் கிராமத்துக்காரி. பல வருடம் ஸ்டுட்கார்ட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துவிட்டு, இலையுதிர் காலத்தில் தாய்வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். அவள் பேசும் ஜெர்மனைக் கேட்டால் ஜெர்மானியர்களே ஜெர்மனியில் எந்த ஊர் என்று விசாரிப்பார்கள். சோபியாவில் ஒரு நிறுவனம் அந்த நாக்குக்கு வேலை கொடுத்தது. சலவை இயந்திரம் மக்கர் பண்ணும் ஜெர்மானியர்களுக்கு வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் வழி சொல்ல வேண்டும். மேசைக் கணினி வேண்டும், அவர்கள் அனுப்பும் யுஎஸ்பி ஹெட்போனைத்தான் மாட்ட வேண்டும், சோதனைக் காலத்தில் அழைப்பு அறுபடக் கூடாது. நிபந்தனைகள் அவ்வளவுதான். பில்யானாவின் அழைப்புகள் அறுந்துகொண்டே இருந்தன.

பேசிக்கொண்டிருக்கும்போதே கணினி டுடுங் என்று ஒரு சத்தம் போடும். ஹெட்போன் செத்துவிடும். கழற்றி மாட்டினாலும், கணினியை அணைத்துப் போட்டாலும் உயிர் வராது. 'அடையாளம் தெரியாத சாதனம்' என்று திரையில் ஒரு கட்டம் வந்து நிற்கும். தன் ஹெட்போனையே அடையாளம் தெரியாத கணினியை என்ன செய்வது என்று பில்யானா அதைத் தூக்கி, மலைக்கும் ஊருக்கும் வண்டி ஓட்டும் ஸ்டாமெனின் வேனில் கீழே அனுப்பினாள். ஸ்டாமென் அதை முன்சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டும் மாட்டி, ஆட்டுக்குட்டியைப் போலப் பதமாகக் கொண்டுவந்தார்.

கடையில் அது ஒரு பொழுது முழுக்கச் சொன்னபடி கேட்டது. தெமெனுகா கேபிளை அசைத்தாள், எல்லாத் துளையிலும் செருகினாள், ஹெட்போனில் பாட்டு ஓடவிட்டாள், யாரோடோ வம்பளந்தாள். ஒரு குறையும் இல்லை. டிரைவரைப் புதுப்பித்து, சும்மா இருக்கும்போது யுஎஸ்பிக்கு மின்சாரத்தைக் குறைக்கும் அமைப்பை நிறுத்தி, இனிமேல் வராது என்று சொல்லி அனுப்பினாள். மேலே போன மறுநாளே வந்தது. மறுபடியும் கீழே வந்தது, மறுபடியும் நல்ல பிள்ளையாய் நடந்துகொண்டது. இந்தத் தடவை மின்வழங்கிப் பெட்டியையே மாற்றி அனுப்பினாள். மேலே போனதும் அதற்கும் அது மசியவில்லை.

"உன் பட்டத்தைக் கண்டாலே பயந்துபோய் ஒழுங்கா இருக்குது போல," என்றார் ஸ்டாமென், கடை வாசலில் சிகரெட்டோடு. "மேலே இறக்கி வெச்சா மறுபடி நோவு. நீ மருந்து குடுக்கறியா, இல்ல மிரட்டி அனுப்பறியா?"

"உங்க வேன் மட்டும் என்னவாம்ணே? மெக்கானிக் முன்னாடி நின்னா பாட்டுப் பாடும், மலை ஏறினா இருமும்," என்றாள் அவள்.

சிரித்துச் சமாளித்தாளே தவிர, அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது தடவை கணினி வரவில்லை. தொலைபேசியில் பில்யானாவின் குரல்தான் வந்தது, தணிந்து, பக்கத்து அறையில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. காலையில் மறுபடி செத்துவிட்டது. மதியம் மூன்று மணிக்குச் சோபியாவிலிருந்து மேலாளரே வாடிக்கையாளர் மாதிரி அழைத்துச் சோதிக்கப் போகிறாள். அறுந்தால் அதோடு முடிந்தது.

"ஸ்டுட்கார்ட்லேர்ந்து பழைய இடத்துல கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க தெமெனுகா. இன்னிக்கு இது நடக்கலேன்னா திங்கக்கிழமை பஸ் ஏறிடுவேன். டிக்கெட் சொல்லி வெச்சாச்சு. அம்மாவுக்குத் தெரியாது."

தெமெனுகா கடைக் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டாமெனின் வேனில் ஏறினாள். பனி பெய்து ஓய்ந்திருந்தது. வழியெல்லாம் அவர் கேட்ட கேள்விகளுக்கு அவள் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள். மனதுக்குள் கேபிள், துளை, கணினி என்று பழைய வரிசையையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பில்யானாவின் அம்மா ஸ்லாதா வாசலிலேயே நின்றிருந்தாள். தெமெனுகா பூட்ஸைக் கழற்றி முடிப்பதற்குள் அவள் காலடியில் ஒரு ஜோடி தெர்லிக் வந்து விழுந்தது. முரட்டுக் கம்பளியில் கையால் பின்னிய வீட்டுக் காலணி, நுனியில் சிவப்புப் பூ. அந்த வீட்டுக்குள் யாரும் தெர்லிக் இல்லாமல் நடமாட முடியாது. மின்கணக்கு எடுக்க வருபவரும் போட்டுக்கொண்டுதான் உள்ளே போவார்.

"மாட்டு பொண்ணே, தரை குளுருது. ஈரல் குலையெல்லாம் விறைச்சுப் போயிடும்."

தெமெனுகா மாட்டிக்கொண்டாள். ப்ளோவ்திவ் விடுதியில் முதல் வருடம் முழுக்க அம்மா பின்னிக்கொடுத்த தெர்லிக்கை அவள் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்தாள். கடற்கரை ஊரிலிருந்து வந்த அறைத்தோழி அதைப் பார்த்து, ஆடு மேய்க்கவும் இதைத்தான் போடுவீர்களா என்று கேட்டிருந்தாள். குளிர்காலம் முழுவதும் ரப்பர் செருப்பில் நடந்து இருமித் தீர்த்த பிறகு, இரண்டாம் வருடம் அதை எடுத்து மாட்டிக்கொண்டு விடுதி நடையில் தைரியமாக நடந்தாள். வருட முடிவில் அறைத்தோழியே ஒரு ஜோடி கேட்டு வாங்கிப்போனாள். தன்னைப் பற்றி அவளுக்கு உறுதியாய்த் தெரிந்த சில விஷயங்களில் அதுவும் ஒன்று: காலில் இருப்பதற்காக இனி ஒருநாளும் கூசுவதில்லை.

மகளின் வேலைக்கென்று ஸ்லாதா அந்த அறையைப் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள். ஸ்மோலியான் சந்தையில் வாங்கிய புதிய தரைவிரிப்பு, செயற்கை நூலில் நெய்தது, கணுக்கால் புதையும் அடர்த்தி. மூலையில் விறகடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. காற்றில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தெமெனுகாவுக்கு உதடு காய்ந்தது. மேசைக்கடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தாள். சுவரில் பழைய கால மின்செருகி, பூமிக்கம்பி இல்லாதது. மலைவீடுகளில் பாதி அப்படித்தான் என்று நினைத்து, அதைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஹெட்போனைத் தன் மடிக்கணினியில் மாட்டிப் பார்த்தாள். பேசியது. தான் கொண்டுவந்த ஹெட்போனைப் பில்யானாவின் கணினியில் மாட்டினாள். பேசவில்லை. எனவே கோளாறு கணினியில்தான், எந்தச் சந்தேகமும் இல்லை. அணைத்துப் போட்டாள், பயனில்லை. சாதனங்களின் பட்டியலில் அந்த அடையாளம் தெரியாததை நீக்கிவிட்டுப் புதிதாகத் தேடச் சொன்னாள். கணினி தேடிவிட்டு மறுபடியும் கையை விரித்தது. கடைசியில் உள்ளே பார்ப்போம் என்று மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, பெட்டியைத் திறந்து, எல்லா இணைப்பையும் அழுத்திவிட்டு மூடினாள். திரும்ப மின்சாரம் கொடுத்ததும் ஹெட்போன் ஒன்றுமே நடக்காததுபோல விழித்துக்கொண்டது.

"அவ்வளவுதான்கா. உள்ள ஒரு இணைப்பு லூசா இருந்திருக்கும்," என்றாள். தன் குரலில் இருந்த நிம்மதி அவளுக்கே கேட்டது. ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு, பில்யானாவைக் கைபேசியிலிருந்து கணினிக்கு அழைத்துப் பேசச் சொல்லிச் சோதித்தாள். குரல் மணிபோல வந்தது.

அந்த நேரத்தில்தான் ஸ்லாதா மலைத் தேயிலையில் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள். தரைவிரிப்பில் தெர்லிக் சரசரக்கக் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, நல்லா இரு என்று தெமெனுகாவின் தலையில் கை வைத்தாள்.

சுள்ளென்று காதில் ஊசி குத்தியது. கணினி டுடுங் என்றது. பில்யானாவின் குரல் அறுந்துபோனது.

பில்யானா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். தெமெனுகாவுக்கு முதலில் வந்தது, ஸ்டாமென் சொன்னது சரியோ என்ற எண்ணம்தான். நாம் மருந்தே கொடுக்கவில்லையோ. அப்படியானால் இதுவரை அதை எது குணப்படுத்தியது? சற்று முன்னால் தான் செய்ததை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எண்ணினாள். இணைப்புகளை அழுத்தினாள். அதற்கு முன்? சுவரிலிருந்து பிடுங்கினாள். குனிந்து மறுபடி பிடுங்கினாள். இந்தத் தடவை பெட்டியைத் திறக்கவே இல்லை. பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்து, மிச்சமிருந்த மின்சாரத்தையும் வடியவிட்டுத் திரும்பச் செருகினாள். ஹெட்போன் விழித்தது. அணைத்துப் போட்டாலும் சுவர்க்கம்பி வழியாகக் கொஞ்சம் மின்சாரம் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும், பிடுங்கினால்தான் முழுதாக நிற்கும்.

வேன். வேனில் ஏற்றுவதற்காக ஒவ்வொரு தடவையும் சுவரிலிருந்து பிடுங்கியிருக்கிறார்கள். கணினி கடைக்கு வந்து சேர்வதற்குள், ஸ்டாமெனின் முன்சீட்டிலேயே அதற்குக் குணமாகிவிட்டது. குணமான கணினியை வைத்துக்கொண்டு அவள் பொழுது முழுவதும் நோய் தேடியிருக்கிறாள்.

"அக்கா, அழைப்பு அறுந்தப்பல்லாம் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

ஒன்றுமில்லை, பேசிக்கொண்டுதான் இருந்தேன் என்றாள் பில்யானா. எழுந்திருக்கவில்லை, கம்பியை இழுக்கவில்லை. காலையில்கூட அப்படித்தான், அம்மா வந்து தேநீர் வைத்தாள், அவ்வளவுதான். நேற்றும் அம்மா வந்திருந்தாள். சொல்லச் சொல்ல அவள் குரல் மெதுவாகிக்கொண்டே வந்தது.

தெமெனுகா எழுந்து, தன் காலிலிருந்த தெர்லிக்கோடு அறையின் அந்தக் கோடிவரை தேய்த்துத் தேய்த்து நடந்து திரும்பி வந்தாள். கணினியின் இரும்புப் பெட்டியை நோக்கி ஒரு விரலை நீட்டினாள். விரலுக்கும் இரும்புக்கும் நடுவில் குட்டியாய் ஒரு நீலப்பொறி தாவியது. டுடுங்.

கடையில் சிமென்ட் தரை, பூமிக்கம்பியுள்ள மின்செருகி, மணிக்கட்டில் பூமியோடு இணைத்த பட்டை. அங்கே இதெல்லாம் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். இங்கே அவள் விருந்தாளி. கம்பளியை மாட்டிக்கொண்டு, செயற்கை நூலில் தேய்த்துக்கொண்டு, காய்ந்த காற்றில் தன் மேல் மின்சாரத்தைச் சேர்த்துக்கொண்டு மின்சாரக் கோளாறைத் தேடியிருக்கிறாள். பிறந்ததிலிருந்து காலில் கிடப்பதை யார் சந்தேகிப்பார்கள்?

இதை எப்படிச் சொல்வது என்றுதான் அவளுக்குத் தயக்கமாக இருந்தது. வகுப்பில் கேட்ட சொற்களில் சொன்னால் ஸ்லாதாவுக்குத் தீர்ப்பு வாசிப்பதுபோலாகிவிடும். இருட்டில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று பொறி பறக்குமே, அதைத் தெமெனுகா ஞாபகப்படுத்தினாள். அதேதான் இது, காலில் சேர்ந்து கைவழியாக இறங்குகிறது என்றாள். நம் உடம்புக்கு அது எறும்புக்கடி, கணினிக்கு இடி விழுந்த மாதிரி.

ஸ்லாதா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப என் கை பட்டுத்தான் இவ பேச்சு அறுந்துதா?"

"என் கையுந்தான் அத்தை. யார் கை பட்டாலும்."

"பொறந்ததுலேர்ந்து தெர்லிக் போடறேன். ஒரு மின்னலும் அடிக்கல. இவ வந்து இந்தப் பொட்டியைக் கொண்டாந்து வெச்சதும் என் கம்பளி குத்தமாயிடுச்சா?"

தரைவிரிப்பைச் சுருட்டிவிடலாம், அடுப்பின் மேல் ஒரு பானைத் தண்ணீர் வைக்கலாம், இந்த அறைக்குள் மட்டும் தெர்லிக் வேண்டாம் என்று தெமெனுகா சொன்னாள். முதல் இரண்டையும் காதில் வாங்கிக்கொண்ட ஸ்லாதா மூன்றாவதைக் கேட்டதும் நிமிர்ந்தாள். ஜனவரிக் குளிரில் வெறும் பலகைத் தரையில் நடப்பதா? இவள் இன்னும் பிள்ளை பெற வேண்டியவள். கருப்பை குளிர்ந்து போனால் யார் பதில் சொல்வது? தரைவிரிப்பு வாங்கியது எதற்கு, இவள் கால் குளிரக் கூடாது என்றுதானே? இங்கே குளிருகிறது என்று இவள் ஒரு நாள் சொல்லிவிடக் கூடாது என்றுதானே?

"இது அறுந்துதுன்னா திங்கக்கிழமை பஸ் ஏறிடுவேம்மா," என்றாள் பில்யானா.

ஸ்லாதா அவளைப் பார்த்தாள். எந்தப் பஸ் என்று கேட்கவில்லை. பிறகு அவள் குனிந்து தரைவிரிப்பின் ஓரத்தைப் பிடித்தாள்.

"மேசைக்காலைத் தூக்குங்க ரெண்டு பேரும். என்ன பார்த்துக்கிட்டு நிக்கறீங்க?"

தரைவிரிப்பு சுருண்டு நடைக்குப் போனது. பானையில் தண்ணீர் வந்தது. தெமெனுகா சுவரோரமாகச் சமையலறைக்குப் போகும் பழைய இரும்புத் தண்ணீர்க் குழாயைக் காட்டினாள். அது நேரே மண்ணுக்குள் போகிறது, உள்ளே வருகிறவர்கள் முதலில் அதைத் தொட வேண்டும், சேர்ந்ததெல்லாம் அதில் இறங்கிவிடும், பிறகுதான் மற்றது. பில்யானா பருத்திக் காலுறை மாட்டிக்கொண்டு, குழாயைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தாள். தெமெனுகா கணினிக்கு மறுபடி உயிர் கொடுத்துவிட்டு மூலையில் ஒரு முக்காலியில் ஒதுங்கினாள். இனி தான் செய்ய ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அழைப்பு அறுபடாது. அறுபட ஒரு காரணமும் மிச்சமில்லை.

மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. ஹெட்போனுக்குள்ளிருந்து தண்ணீர் வடியாத சலவை இயந்திரத்தின் சொந்தக்காரி போல மேலாளர் எரிந்து விழுவது மூலைவரை கேட்டது. பில்யானா பதறவில்லை. கீழே இடது பக்கம் ஒரு சின்ன மூடி இருக்கும், முதலில் ஒரு துணியை விரியுங்கள் என்று, படுக்கையில் கிடந்தவர்களைத் தேற்றிய அதே குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாதி அழைப்பில் கதவு திறந்தது. ஸ்லாதா தேநீர்க் கோப்பையோடு வாசற்படியில் நின்றாள். வேண்டாம் என்று தெமெனுகா கை காட்ட நினைத்து, காட்டாமல் விட்டாள். ஸ்லாதா கோப்பையைக் கதவோர அலமாரியில் வைத்தாள். குனிந்து ஒரு தெர்லிக்கைக் கழற்றினாள், பிறகு மற்றதை. குளிர்காலத்தில் வெளிச்சமே பார்க்காத வெளுத்த பாதங்கள். அவற்றைப் பலகையில் ஊன்றியபோது அவள் முகம் சுளித்தது. நேராக இரும்புக் குழாயிடம் போய் உள்ளங்கை முழுவதையும் அதில் பதித்து, போதுமா என்பதுபோலத் தெமெனுகாவைப் பார்த்தாள். தெமெனுகா போதும் என்று தலையை அசைத்தாள். ஸ்லாதாவுக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள்.

பிறகு கோப்பையை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். அவள் கை பில்யானாவின் தோளுக்கு மேலே அந்தரத்தில் ஒரு கணம் நின்றது. மெல்ல இறங்கியது.

பில்யானாவின் குரல் அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்தது. மூடியைத் திருகித் திறந்தாயிற்றா, உள்ளே ஒரு பொத்தானோ நாணயமோ சிக்கியிருக்கும் பாருங்கள். ஸ்லாதாவுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. அழைப்பு முடியும்வரை அவள் அந்தக் கையை எடுக்கவில்லை.

மேலாளர் கடைசியில் தாய்மொழிக்கு மாறி, வெளியே கேட்காத குரலில் என்னவோ சொன்னாள். பில்யானா ஹெட்போனைக் கழற்றினாள்.

"என்ன சொன்னா?" என்றாள் ஸ்லாதா.

பில்யானா மேலும் கீழுமாகத் தலையாட்டினாள், ஜெர்மானியர்கள் ஆமாம் என்று ஆட்டுவதுபோல. மலையில் அப்படி ஆட்டினால் இல்லை என்று அர்த்தம். ஸ்லாதாவின் முகம் விழுந்தது.

"தலையை ஆட்டாதே. நீ எந்த ஊரு மாதிரி ஆட்டறேன்னே தெரியல. வாயைத் திறந்து சொல்லு."

"திங்கக்கிழமை காலையிலேர்ந்து வேலைம்மா. இங்கேயேதான்."

ஸ்லாதா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு பானையில் தண்ணீர் போதுமா என்று பார்த்தாள். போதுமான அளவு இருந்தது. இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சரி," என்றாள் பிறகு, "யாராவது அந்தத் தெர்லிக்கை எடுத்துக் குடுங்க. கால் மரத்துப் போச்சு. பொண்ணே, உன் கால்ல கெடக்கறதை நீயே வெச்சுக்கோ. உன் கடையில சிமென்ட்டுத் தரைதானே, அங்க ஒண்ணும் ஆகாதில்ல?"

ஆகாது அத்தை என்றாள் தெமெனுகா. இறங்கும் வழியில் ஸ்டாமென், நோய் என்னதான் என்று கேட்டார். நோய் மேலேதான் இருந்தது அண்ணே, மருந்து உங்க வேன்ல இருந்தது என்று அவள் சொன்னதும், அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா கேலியாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் அடிவாரம்வரை யோசித்துக்கொண்டே வந்தார்.